சோதனை ஓட்டம்

எத்தனையோ பேர் செத்த பிறகுதான் நல்லவர்கள் ஆகிறார்கள். ஜட்ஜம்மாவின் அம்மா மட்டும், உயிரோடு இருந்த வரைக்கும் நல்லவளாக இருந்துவிட்டு, செத்த பிறகு மாட்டிக்கொள்ளப் பார்த்தாள்.

ஜட்ஜம்மா என்றதும் கோர்ட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் சலவைக் கடை நடத்துகிறவள். எதற்கெடுத்தாலும் "அது தப்பு, இது தப்பு" என்று விரலை நீட்டிக்கொண்டு வளர்ந்ததால் பெற்ற தாயே சூட்டிய பட்டம் அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கடை அம்மா போட்டது. புருஷன் போன பிறகு, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு தொட்டி, ஒரு இஸ்திரிப் பெட்டியோடு ஆரம்பித்தாள். பிறகு மெஷின் வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது, துணிகளைத் தொங்கவிடக் கூரையோடு ஓடுகிற கம்பி வந்தது. தெருவில் அவளுக்குப் பெயர் கடைக்காரம்மா. போன மாதம் ஒரு மத்தியானம் "கொஞ்சம் கண் அசர்றேன், யாராவது வந்தா எழுப்பு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள். வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள். எழுப்பினார்கள். அவள்தான் எழுந்திருக்கவில்லை.

கடைக்காரம்மாவுக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைத்தே தீர வேண்டும் என்று தெருவே பிடிவாதம் பிடித்தது. வேறெங்கும் வேண்டாம், கடைக்குள்ளேயே வைக்கலாம் என்று வாடிக்கைக்காரர்கள் முடிவு செய்தார்கள். மெஷின்களை ஓரமாகத் தள்ளி நாற்காலிகள் போட்டாயிற்று. டீக்குச் சொல்லியாயிற்று. ஜட்ஜம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பற்றி என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாண்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வாண்டு தம்பியின் மகள். கல்லூரிக்குப் போகிறாள், ஆனாலும் பாட்டி வைத்த பெயர் போகவில்லை.

"அத்தை, ஒரு சர்ப்ரைஸ். பழைய ஆல்பம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டேன். புரொஜக்டர் வாடகைக்கு எடுத்துட்டு வந்திருக்கேன். பாட்டியோட வாழ்க்கையே படமா ஓடப் போகுது."

"அடி என் தங்கமே," என்று ஜட்ஜம்மா திரையைப் பார்த்தாள். 

முதல் படத்தில் அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில், மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவையில் ராணி கணக்காக நின்றாள். அந்தப் புடவை பாட்டு டீச்சருடையது.

அடுத்ததில் தம்பி சாம்பல் நிறக் கோட்டில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். கோட்டு பல் டாக்டருடையது. அதற்கடுத்ததில் அம்மா போர்த்தியிருந்த கம்பளி, மருந்துக் கடைக்காரர் பெண்டாட்டியுடையது. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"எவ்வளவு புடவை அத்தை பாட்டிக்கு! ஒரு படத்துல கட்டினத இன்னொரு படத்துல கட்டல. என்ன ஒரு ரசனை! அதெல்லாம் எங்க இருக்கு? எனக்கு ஞாபகமா ஒண்ணாவது தாங்களேன்."

எங்கே இருக்கிறதா? இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்களின் பீரோக்களில் இருக்கிறது. அதை இந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

அம்மா இதற்குத் திருட்டு என்று பெயர் வைக்கவில்லை. இரவல் என்றுகூடச் சொன்னதில்லை. சோதனை ஓட்டம் என்பாள். "வண்டி ரிப்பேர் பண்றவன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுத்தானே தர்றான்? அவனத் திருடன்னா சொல்றாங்க? துணியும் அப்படித்தான். உடம்புல ஏறினாத்தான் சலவை சரியா இருக்கான்னு தெரியும்." சனிக்கிழமை வெளுத்து இஸ்திரி போட்டாகிவிடும். திங்கட்கிழமை காலையில் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா தொங்குகிறதே, அது என்ன பாவம் செய்தது? ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரிலேயே அதிகமான உடுப்பு உள்ள வீடு அதுதான்.

சட்டதிட்டங்களும் உண்டு. ஓடக் கூடாது. உட்காருவதற்கு முன் கைக்குட்டையை விரிக்க வேண்டும். கையைத் துணியில் துடைத்தால் முதுகில் பழுத்துவிடும். அக்குளில் வெள்ளைத் துணி வைத்து நூல் ஓட்டிக்கொள்ள வேண்டும். துணிச்சொந்தக்காரர் இருக்கிற தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி துவைத்து, மறுபடி இஸ்திரி போட்டு, சீட்டைக் குத்திக் கம்பியில் மாட்டிவிடுவாள். அதோடு விடுவாளா? வாடகை கொடுக்காமல் இருந்தால் மனசு உறுத்தும் என்று, அறுந்த பட்டனைத் தைப்பாள், தொங்கிய கரையை மடித்து அடிப்பாள். வாடிக்கைக்காரர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கொடுத்ததைவிட நல்லதாகத் திரும்பி வரும் துணியைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

ஜட்ஜம்மாவுக்கு வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளி விழாவுக்கு ஒரு நீலக் கவுனைப் போட்டு அனுப்பினாள் அம்மா. மேடைக்குப் பக்கத்தில் நின்றபோது வகுப்புத் தோழி ஒருத்தி வந்து அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "என்கிட்டயும் அச்சு அசல் இதே மாதிரி ஒண்ணு இருக்குடி," என்றாள். "சலவைக்குப் போட்டிருக்கோம்."

அவ்வளவுதான் சொன்னாள், பாவம், அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் ஜட்ஜம்மாவுக்குக் காலுக்குக் கீழே தரை இல்லை. இவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னால்? நாளைக்கு மொத்தப் பள்ளிக்கூடமும் 'திருடி மகள்' என்று கூப்பிட்டால்? அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்துவிடக் கூடாது என்று மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்து, கவுனைக் கழற்றி எறிந்து, "இனிமே ஊரான் துணி என் உடம்புல ஏறாது" என்று சபதம் போட்டாள்.

அம்மா திட்டவில்லை. கவுனை எடுத்து உதறிப் பார்த்து, "நல்லவேளை, கறை இல்ல" என்றாள். பிறகு, அந்த மாதம்தான் வாங்கியிருந்த பழைய கேமராவை மகள் கையில் கொடுத்தாள். "சரி, நீ போட வேணாம். ஜட்ஜம்மா சாட்சியா இருந்து எங்களப் படம் எடுக்கட்டும்."

அன்றிலிருந்து அந்த வீட்டுப் படங்களையெல்லாம் எடுத்தது ஜட்ஜம்மாதான். ஊருக்குத் தெரியக் கூடாது என்று யார் பயந்தாளோ, அவளே ஒவ்வொரு குற்றத்துக்கும் சாட்சியம் தயாரித்து, தேதி வாரியாக ஆல்பத்தில் ஒட்டியும் வைத்தாள். நேர்மையாளர்களுக்கே உரிய மடத்தனம் அது. அம்மா இருந்தவரை அந்த ஆல்பங்கள் டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. இப்போது வந்துவிட்டன.

"வாண்டு, இது வேணாம்டி. எல்லாரும் அழுவாங்க."

"அழத்தானே அத்தை கூட்டம்?"

 ஜட்ஜம்மா தம்பியைத் தேடி ஓடினாள். அவன் ஸ்டூலில் ஏறி, கடையின் பின்சுவரில் திரைக்காக ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், அவ என்ன படம் காட்டப் போறான்னு தெரியுமா? எல்லாம் சோதனை ஓட்டம்! வரப்போறவங்க எல்லாம் யாரு? துணிக்குச் சொந்தக்காரங்க! கையும் களவுமா மாட்டப் போறோம்டா."

 தம்பி சிரிக்க ஆரம்பித்தான். ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தான்.

"சிரிக்காதடா! நாளைக்கு எவன் நம்மகிட்ட துணி போடுவான்? கடைய விடு. அம்மாவ என்ன சொல்லுவாங்க? செத்துப் போனவ வந்து பதில் சொல்ல முடியுமா?"

"அம்மா வந்தா பதில் சொல்ல மாட்டாக்கா. டீ சூடா இருக்கான்னு கேப்பா."

அவனிடம் பேசிப் பிரயோசனம் இல்லை. அந்தப் பயல் எப்போதும் அம்மா கட்சி. அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

முன் வரிசையில் வந்து உட்கார்ந்தது வக்கீலம்மா. நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு, தோளில் அரக்கு நிறச் சால்வை. சட்டையில் ஒரு பட்டன் நிறம் மாறியிருந்தால்கூட நுகர்வோர் சட்டம் எத்தனாவது பிரிவு என்று சொல்லக்கூடியவள். அவள் கடைக்குள் நுழைந்தாலே ஜட்ஜம்மா எழுந்து நின்றுவிடுவாள். பின்னால் பாட்டு டீச்சர், பல் டாக்டர், அவர் மனைவி. அதற்குப் பின்னால் ரிட்டயரான இன்ஸ்பெக்டர்.  வழக்கு, சாட்சி, போலீஸ், வக்கீல் எல்லாம் தயாராக வந்து உட்கார்ந்திருக்கிறது. தீர்ப்புச் சொல்ல ஜட்ஜம்மாவும் இருக்கிறாள். செத்துப் போனது குற்றவாளி ஒருத்திதான்.

கூட்டம் தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பேசினார்களா, ஜட்ஜம்மாவின் நெஞ்சில் ஆணி அடித்தார்களா என்று தெரியவில்லை.

"நேர்மைன்னா கடைக்காரம்மாதான்," என்றார் மருந்துக் கடைக்காரர். "ஒரு கைக்குட்டைகூடத் தொலஞ்சதில்ல."

"நம்ம துணிய அவங்க துணி மாதிரியே நினைச்சாங்க," என்றாள் பாட்டு டீச்சர். தம்பிக்குப் புரை ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டு பிரஷர் பாய்லருக்குப் பின்னால் போய்விட்டான்.

"அவங்க கைக்குப் போன கோட்டு புதுசா வரும்," என்றார் பல் டாக்டர். "அறுந்து போன பட்டன்கூட வந்துடும். எப்படித்தான் கவனிப்பாங்களோ!"

போட்டுப் பார்த்தால்தானே கவனிக்க முடியும், என்று ஜட்ஜம்மா மனதுக்குள் அழுதாள். வக்கீலம்மா மட்டும் பேசவில்லை. எழுந்து, "நான் கடைசில பேசறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பயம் வேறு.

வாண்டு விளக்கை அணைத்தாள். வெள்ளைத் துணியில் வெளிச்சம் விழுந்தது. ஜட்ஜம்மா பூனை மாதிரி சுவரோரமாக நகர்ந்து, புரொஜக்டரின் ஒயரைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பிளக்கை இழுத்துவிட்டாள். வாழ்க்கையில் அவள் செய்த முதல் திருட்டு வேலை அது. பழக்கம் இல்லாதவள் செய்தால் எப்படி விளங்கும்? இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து நேரே அவள் முகத்தில் அடித்தார்.

"ஒயர் தடுக்கிடுச்சாம்மா? பாத்து. நீ தள்ளு, நான் மாட்டறேன்."

மாட்டினார். திரையில் அம்மா வந்து நின்றாள், மயில் கழுத்து நிறப் பட்டில்.

கூட்டம் "ஆஹா" என்றது. பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பாட்டு டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

அடுத்த படம். கோட்டுப் போட்ட தம்பி. பல் டாக்டர் தலையைச் சாய்த்தார். அடுத்த படம். அம்மா ஏதோ கல்யாணத்தில், கருநீலப் புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முந்தானை நுனியில், எடுக்க மறந்துபோன சலவைச் சீட்டு ஊக்கோடு தொங்குகிறது. வாண்டு நன்றாகத் தெரியட்டும் என்று படங்களைப் பெரிதாக்கி வேறு வைத்திருந்தாள். சீட்டு சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

 மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், திரையை அல்ல, ஜட்ஜம்மாவை.

போயிற்று. அம்மாவின் மானம் கப்பலேறிவிட்டது. ஜட்ஜம்மா திருதிருவென்று விழித்தாள். பிறகு, ஒளித்து என்ன ஆகப் போகிறது என்று, வெளிச்சத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாம் உங்க துணிதான். ஞாயித்துக்கிழமையில எடுத்துப் போட்டுக்குவாங்க. சோதனை ஓட்டம்னு சொல்லுவாங்க. மறுபடி துவைச்சுத்தான் கொடுப்பாங்க, அது சத்தியம். ஆனா கேக்காம எடுத்தாங்க. அது தப்பு. அவங்க இல்ல, நான் இருக்கேன். என்னைத் திட்டுங்க. தயவு செஞ்சு அவங்கள மட்டும்..." 

வாண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அப்போ பாட்டிக்குப் புடவையே இல்லையா?"

"ரெண்டு இருந்துச்சு," என்றாள் ஜட்ஜம்மா. "கடைக்குக் கட்டற பருத்திப் புடவை."

 முதலில் எழுந்தது பல் டாக்டர். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஜட்ஜம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"சினிமா டிக்கெட்!" என்று கத்தினார் அவர். "அந்தக் கோட்டுப் பாக்கெட்ல ரெண்டு சினிமா டிக்கெட்டு இருந்துச்சு! நான் சினிமாவுக்கே போகலன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இவ நம்பினாளா? இத்தன வருஷமா குத்திக் காட்டறா!" பக்கத்தில் இருந்த மனைவியிடம் திரும்பினார். "பாத்தியா? பாத்தியா? அது நான் இல்ல!"

அவர் மனைவி கணவனைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். "யாரோட போனீங்க தம்பி?"

பாய்லருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த தம்பி அசடு வழிந்துகொண்டு தன் பெண்டாட்டியைக் காட்டினான். அவள் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டாள். "அப்போ கல்யாணம் ஆகல," என்று முணுமுணுத்தாள்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கடை முழுக்கச் சிரித்தது. பல் டாக்டரின் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ பாவம் மனுஷன்" என்று முதல் தடவையாகக் கணவனின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பாட்டு டீச்சர் கையை உயர்த்தினாள். "அந்தப் பட்டுல எனக்கு ஒரு போட்டோகூட இல்ல. எப்பவும் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால உக்காந்துட்டா யாருக்குப் புடவை தெரியும்? இவ்வளவு நல்ல புடவைன்னு இன்னைக்குத்தான் பாக்கறேன். எனக்கு அந்தப் படம் ஒரு காப்பி வேணும்."

"மேல போம்மா, மேல போ," என்றார் இன்ஸ்பெக்டர். "அடுத்தது யாருதுன்னு பாக்கலாம்."

வாண்டு பட்டனை அழுத்தினாள். திரையில் வந்தது வாண்டுவேதான், பால்வாடி வயதில், மாறுவேடப் போட்டி மேடையில். முழங்கால் வரை தொங்குகிற காக்கிச் சட்டை. காதை மூடிய தொப்பி. கையில் கோப்பை.

"ஐயையோ," என்றாள் வாண்டு. "பாட்டி தச்சுக் கொடுத்ததுன்னுல்ல சொன்னாங்க?"

இன்ஸ்பெக்டர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், சட்டையின் பெயர்ப் பட்டையை உற்றுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "முதல் பரிசா?"

"ஆமா அங்கிள்."

"சர்வீஸ் பூரா எனக்கு ஒரு மெடல் கொடுக்கல," என்றார் கரகரத்த குரலில். "என் சட்டைக்காவது கொடுத்திருக்கானுங்க."

அதற்குப் பிறகு அது நினைவுக் கூட்டமாக இல்லை, ஏலக் கடையாக இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் "என்னுது!", "எங்க வீட்டுது!" என்று குரல்கள். சொந்தப் புடவை திரையில் வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டார்கள். வராதவர்கள் நகம் கடித்தார்கள். தன் கம்பளி வெறும் பூங்காவுக்குத்தான் போனது, பாட்டு டீச்சரின் பட்டு மட்டும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்று மருந்துக் கடைக்காரர் பெண்டாட்டிக்கு வருத்தம். ஜட்ஜம்மா எதுவும் புரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் இதற்கா பயந்தோம்?

படங்கள் முடிந்தன. கடைசிப் படம் திரையிலேயே நின்றது. கடை வாசலில், காற்றில் தலை கலைந்து, கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிற அம்மா.

வக்கீலம்மா எழுந்தாள்.

சிரிப்பு அடங்கியது. அதுவரை அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அவள் துணி எதுவும் திரையில் வரவில்லை என்பதும்.

"கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் இங்கதான் துணி போடறேன்," என்றாள் வக்கீலம்மா. "பட்டு போட்டிருக்கேன், பருத்தி போட்டிருக்கேன். ஒண்ணுகூடவா உங்கம்மாவுக்குப் பிடிக்கல?"

உண்மையான பதில் ஜட்ஜம்மாவுக்குத் தெரியும். "அந்தம்மாவுக்குக் கலர் தெரியாதுடி, எல்லாம் களிமண்ணு" என்பாள் அம்மா. வக்கீலம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. ஜட்ஜம்மா வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய் சொல்ல வாயைத் திறந்தாள்.

"பிடிக்காம இல்ல மேடம். ரொம்பப் பிடிக்கும். உங்க புடவை ஒண்ண எடுத்துக் கட்டிப் பாத்துட்டு, இது எனக்குப் பொருந்தாது, அவங்க நிமிர்வுக்குத்தான்னு அவுத்து வச்சிட்டாங்க."

"எந்தப் புடவை?"

"வந்து... பச்சை."

"என்கிட்ட பச்சையே கிடையாது. எப்போ?"

"ஒரு... புதன்கிழமை."

"சோதனை ஓட்டம் எல்லாம் ஞாயித்துக்கிழமைதானே?"

ஜட்ஜம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அக்காவின் பரிதாபத்தைப் பார்க்கச் சகிக்காமல் தம்பி குறுக்கே விழுந்தான்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இந்தத் திரை... இது உங்க டபுள் பெட்ஷீட்."

 ஜட்ஜம்மா தம்பியைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். "கடையில இருந்ததுலயே இதுதான் சுத்தமான வெள்ளை," என்று இழுத்தான் அவன். "திங்கட்கிழமைதானே டெலிவரின்னு..."

வக்கீலம்மா சுவருக்குப் போனாள். துணியின் மூலையைத் தூக்கி, தானே போட்ட பூத்தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அண்ணாந்து, கண்ணடிக்கிற அம்மாவைப் பார்த்தாள்.

"அப்போ இவ்வளவு நேரமும் உங்கம்மா என் துணியிலதான் இருந்திருக்காங்க," என்றாள்.

"முழுக்க முழுக்க மேடம்," என்றான் தம்பி.

வக்கீலம்மாவின் முகம் இளகியது. பாட்டு டீச்சர் பக்கம் திரும்பி, ஒரு சின்னப் பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு, தொழில் புத்தி எங்கே போகும், ஜட்ஜம்மாவிடமே வந்தாள்.

"எல்லாம் சரி. எல்லாரும் இருக்காங்க. தம்பி இருக்கான், வாண்டு இருக்கு, பக்கத்து வீட்டு நாய்கூட இருக்கு. நீ எங்க?"

"நான்தான் எடுத்தேன் மேடம்."

"எல்லாத்தையுமா? ஒண்ணுலகூட நிக்கலயா?"

ஜட்ஜம்மா சமாளிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. அம்மா செத்த அன்றுகூட டெலிவரித் துணிகளை முடித்துக் கொடுத்துவிட்டு அழுதவள், இத்தனை பேர் முன்னால் குழந்தை மாதிரி உடைந்துபோனாள்.

"ஊரான் துணிய உடுத்த மாட்டேன்னு வீம்பு புடிச்சேன் மேடம். ஒவ்வொரு வாட்டியும் கூப்பிடுவாங்க. வாடி, ஒரே ஒரு படம், அம்மா பக்கத்துல வந்து நில்லுடின்னு. நான் தப்பு தப்புன்னு சொல்லிக்கிட்டு கேமராவப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என்கிட்ட அம்மாவோட எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல. ஒண்ணுகூட இல்ல மேடம்."

பாட்டு டீச்சர் மூக்கை உறிஞ்சினாள்.  வக்கீலம்மா தன் தோளிலிருந்த அரக்குச் சால்வையை எடுத்து, ஒரு உதறு உதறி, ஜட்ஜம்மாவின் தோளில் போட்டாள். விலகிப் போகப் பார்த்தவளைப் பிடித்து நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டாள்.

"ஐயோ மேடம், வேணாம்..."

"போய் நில்லு. திங்கட்கிழமை துவைச்சு இஸ்திரி போட்டு வந்துடணும். சுருக்கம் இருந்தா கேஸ் போடுவேன்."

தம்பி அவளைத் தள்ளிக்கொண்டு போய்த் திரையோடு ஒட்டி நிறுத்தினான். அம்மாவின் முகம் அவள் முகத்துக்குப் பக்கத்திலேயே வந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். வாண்டு செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அத்தை, இங்க பாருங்க. அழாதீங்க, மூக்கு செவந்து தெரியுது."

ஜட்ஜம்மா விறைத்துக்கொண்டு நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கேமராவுக்கு முன்னால் நிற்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வக்கீலம்மா இடுப்பில் கையை ஊன்றி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் சிரிடி, திருடி மகளே!"

எந்த வார்த்தை காதில் விழுந்துவிடக் கூடாது என்று எட்டாம் வகுப்பிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாளோ, அது கடை முழுக்கக் கேட்க, பளிச்சென்று வந்து விழுந்தது. ஜட்ஜம்மாவுக்கு முதலில் விக்கல் மாதிரி ஏதோ வந்தது. பிறகு அது சிரிப்பு என்று தெரிந்தது. அடக்க அடக்க வந்தது. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, சால்வை சரிந்து விழ விழ, அம்மா சிரிக்கிற மாதிரியே தொண்டையைத் திறந்து சிரித்தாள்.

வாண்டு படம் எடுத்துவிட்டு வந்து காட்டினாள். ஜட்ஜம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, செல்போனை வாங்கி, உற்றுப் பார்த்தாள்.

"இதுல கண்ண மூடிட்டேன்," என்றாள். "இன்னொண்ணு எடு."